குறுந்துடிப்பு லேசரும் தனி ஊசலும்

கடலூரில் பன்னிரண்டாம் வகுப்புக்கு இயற்பியல் எடுக்கிறேன். 2023இல் பியர் அகோஸ்தினி, ஃபெரென்ஸ் கிராவ்ஸ், ஆன் லூலியே மூவருக்கும், அட்டோ விநாடி என்னும் மிகமிகச் சிறிய நேரக் கணக்கில் மின்னி மறையும் ஒளித் துடிப்புகளுக்காக இயற்பியல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டதிலிருந்து வருடம் தவறாமல் வகுப்பில் யாராவது ஒருவர் இதைக் கேட்டுவிடுகிறார்: "சார், லேசர் துடிப்பு எவ்வளவு சின்னதோ, அணுவை அவ்வளவு துல்லியமா அளக்கலாம், அப்படித்தானே?" பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. செய்திகளிலும் வீடியோக்களிலும் குட்டித் துடிப்பையும் துல்லிய அளவையும் ஒரே மூச்சில் சேர்த்துச் சொல்லிவிடுகிறார்கள்.

விடை, எதை அளக்கிறோம் என்பதைப் பொறுத்தது. அணுவுக்குள் ஒரு சம்பவம் எப்போது நடந்தது என்று பார்க்க வேண்டுமானால் துடிப்பு சின்னதாக இருப்பது நல்லது. அணு எந்த நிற ஒளியை ஏற்கிறது என்று அளக்க வேண்டுமானால் நிலைமை தலைகீழ். துடிப்பு சுருங்கச் சுருங்க அதன் நிறம் கலங்கிப்போகும். அப்படியிருந்தும், அணுவின் நிறத்தை அளக்கும் மிக நுட்பமான சோதனைகள் சில இந்தக் குறுந்துடிப்புகளை வைத்தே நடக்கின்றன. அது எப்படி முடிகிறது என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன். பத்தாம் வகுப்பு அறிவியல் நினைவிருந்தால் போதும்.

## அடுப்பில் தெரியும் மஞ்சள்

கேஸ் அடுப்பில் உப்பு போட்ட குழம்பு பொங்கி வழிந்தால் நீலச் சுடர் சட்டென்று மஞ்சளாகும். அந்த மஞ்சள், உப்பில் உள்ள சோடியத்தின் நிறம். சோடியம் நம் வீட்டு அடுப்பில் சூடானாலும் சூரியனில் சூடானாலும் அதே மஞ்சள்தான். அதன் அலைநீளம் 589.0, 589.6 நானோமீட்டர் என்று இரட்டைக் கோடாக இருக்கும். ஒரு மீட்டரை நூறு கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்குதான் நானோமீட்டர்.

காரணம் இதுதான். அணுவில் உள்ள எலக்ட்ரான் நினைத்த உயரத்தில் நிற்க முடியாது. மாடிப்படி போலக் குறிப்பிட்ட சில ஆற்றல் மட்டங்களில்தான் நிற்கும். ஒரு படியிலிருந்து இன்னொரு படிக்கு ஏற, அந்த உயர வித்தியாசத்துக்குச் சரியான ஆற்றல் கொண்ட ஒளியைத்தான் ஏற்கும். இறங்கினால் அதே ஆற்றல் ஒளியாக வெளியே வரும். ஒளியின் ஆற்றலைத் தீர்மானிப்பது அதன் அதிர்வெண், அதாவது ஒளி அலை ஒரு விநாடிக்கு எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்ற எண்ணிக்கை. அணு எந்தெந்த அதிர்வெண்ணை ஏற்கிறது, எதை வெளியிடுகிறது என்று அளந்து, அதிலிருந்து படிகளின் உயரத்தைக் கண்டுபிடிப்பதற்குப் பெயர் நிறமாலையியல்.

இதில் நுணுக்கம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு நம் பக்கத்திலேயே ஒரு கதை உண்டு. 1868 ஆகஸ்ட் 18 அன்று முழுச் சூரிய கிரகணம் தென்னிந்தியாவைக் கடந்தது. குண்டூரில் பிரெஞ்சு வானியலாளர் ஜான்சன் பார்த்துக்கொண்டிருந்தார். மசூலிப்பட்டினத்தில் சென்னை வானாய்வகத்தின் போக்சன் இருந்தார். சூரியனின் விளிம்பு ஒளியில் ஒரு மஞ்சள் கோடு தெரிந்தது. பார்த்தவுடன் சோடியம் என்று தோன்றும் இடம்தான் அது. ஆனால் கோடு 587.6 நானோமீட்டரில் இருந்தது. சோடியத்திலிருந்து ஒன்றரை நானோமீட்டர் மட்டுமே விலகல். அதே ஆண்டு அக்டோபரில் இங்கிலாந்தின் லாக்கியர் அந்தக் கோட்டைத் தனியாகப் பிரித்துப் பார்த்தார். அந்தச் சிறு விலகலிலிருந்துதான் ஹீலியம் என்ற புதிய தனிமம் உலகுக்குத் தெரியவந்தது. பூமியில் அதை வில்லியம் ராம்சே கண்டுபிடிக்க 1895 ஆனது. கோடு எங்கே இருக்கிறது என்பதை ஒரு தசம இடம் கூடுதலாக அளந்தால் என்ன கிடைக்கும் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் ஹீலியம்தான்.

இதுவரை பார்த்தது: அணுவுக்குப் படிகள் உண்டு. படியின் உயரத்தை ஒளியின் அதிர்வெண்ணால் அளக்கிறோம். அளவு கூர்மையாக ஆக, புதிய விஷயம் வெளிப்படுகிறது.

## முதல் படி ரொம்ப உயரம்

அந்த மஞ்சள் கோடு ஹீலியத்தின் மேல்படிகளுக்கு இடையே எலக்ட்ரான் இறங்கும்போது வருவது. மேலே படிகள் நெருக்கமாக இருக்கும், அதனால் கண்ணுக்குத் தெரியும் ஒளியே போதும். தரைமட்டத்திலிருந்து முதல் சில படிகளுக்கு ஏறுவது வேறு கதை. ஹீலியத்தைத் தரையிலிருந்து ஒரே தாவலில் ஏற்ற வேண்டுமானால் 58.4 நானோமீட்டரோ அதற்கும் குறைவாகவோ அலைநீளம் கொண்ட ஒளி வேண்டும். பச்சை ஒளியின் ஒரு துகளைப் போல ஏறத்தாழ ஒன்பது மடங்கு ஆற்றல் அது.

இந்தப் பகுதியை அதிப் புறஊதா என்று சொல்லலாம். வெயிலில் தோலைக் கருக்கும் புறஊதாவையும் தாண்டி, எக்ஸ் கதிரை நோக்கிப் போகும் வழியில், ஏறத்தாழ 10 முதல் 120 நானோமீட்டர் வரை உள்ள ஒளி. கையாளுவதற்குச் சிரமமானது. காற்று அதை விழுங்கிவிடும், கண்ணாடி விழுங்கிவிடும். லென்ஸ் வைக்க முடியாது. முழுச் சோதனையையும் வெற்றிடக் குழாய்க்குள்தான் நடத்த வேண்டும். சாதாரண லேசர் போல இந்த நிறத்தில் ஒரே சீராக எரியும் லேசர் கடையில் வாங்கக் கிடைக்காது. வேறு நிறத்திலிருந்து இதை உண்டாக்க வேண்டும்.

## கரகரக்கும் ஸ்பீக்கரிலிருந்து புது நிறம்

மாசி மகத்தன்று தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போனவர்களுக்குத் தெரியும். குழாய் ஸ்பீக்கரில் ஒலியை அளவுக்கு மீறி ஏற்றினால் பாட்டு கரகரக்கும். உள்ளே போன சுரம் ஒன்றுதான். ஆனால் ஸ்பீக்கரால் அவ்வளவு பெரிய அலையை அப்படியே ஆட முடியவில்லை, அலையின் தலையும் காலும் நறுக்கப்படுகின்றன. அப்போது உள்ளே போகாத சுரங்கள் வெளியே வருகின்றன: மூன்று மடங்கு, ஐந்து மடங்கு அதிர்வெண் கொண்டவை. ஓர் அலையின் அதிர்வெண்ணைப் போல முழு எண் மடங்கில் வருபவற்றைச் சீரிசை என்கிறோம்.

ஒளியிலும் அப்படியே. அகச்சிவப்பு லேசரை ஆர்கான், செனான் போன்ற மந்த வாயுவின் மீது மிகக் கடுமையாகக் குவித்தால், அதன் அதிர்வெண்ணைப் போல ஒற்றைப்படை மடங்கில் புதிய ஒளி கிளம்புகிறது. 1987இல் பிரான்சில் லூலியேயும் உடன் பணியாற்றியவர்களும் கண்டது இதைத்தான். 1064 நானோமீட்டர் லேசரிலிருந்து ஆர்கான் வாயுவில் 33ஆவது சீரிசை வரை கிடைத்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள், 1064ஐ 33ஆல் வகுத்தால் 32 நானோமீட்டர். அதிப் புறஊதாவுக்குள் நன்றாக இறங்கிவிட்டோம்.

உள்ளே நடப்பதை 1993இல் பால் கார்க்கம் எளிமையாக விளக்கினார். லேசரின் மின்புலம் ஓர் எலக்ட்ரானை அணுவிலிருந்து பிடுங்கி வெளியே இழுக்கிறது. அரை அலை கழிந்ததும் புலத்தின் திசை திரும்ப, எலக்ட்ரானும் வேகமெடுத்துத் திரும்பி வந்து தன் அணுவின் மீதே மோதுகிறது. வழியில் சேர்த்த ஆற்றல் முழுதும் ஒரே ஒளித்துகளாக வெளியே வருகிறது.

எலக்ட்ரானை அணுவிடமிருந்து பிடுங்க அசுரப் பலம் வேண்டும். குறுந்துடிப்பு தேவைப்படுவது இங்கேதான். நெல்லின் மேல் உலக்கையைச் சாய்த்து வைத்தால் ஒன்றும் ஆகாது. அதே உலக்கையை ஓங்கிக் குத்தினால் உமி பிரியும். அதுபோல, சாதாரண அளவு ஆற்றலையே ஃபெம்டோ விநாடிக் கணக்கில் சுருக்கிக் கொடுத்தால் அந்தக் கணத்தின் வலிமை எங்கேயோ போய்விடும். ஃபெம்டோ விநாடி என்பது ஒரு விநாடியை நூறு கோடியாகப் பிரித்து, அதில் ஒன்றை மறுபடி பத்து லட்சமாகப் பிரித்தால் வருவது. ஒளி நம் தலைமுடி ஒன்றின் தடிமனைக் கடக்கவே 200 ஃபெம்டோ விநாடிக்கு மேல் ஆகும்.

சுருக்கமாக: தரைப்படியிலிருந்து ஹீலியத்தை ஏற்ற அதிப் புறஊதா வேண்டும், அதை உண்டாக்கப் பலமான ஒளி வேண்டும், பலத்துக்காகத் துடிப்பைச் சுருக்க வேண்டியிருக்கிறது. இந்த வேலையில் துடிப்பைச் சுருக்குவது பலத்துக்காக. துல்லியம் வேறு இடத்திலிருந்து வர வேண்டும்.

## சுருக்கினால் நிறம் கலங்கும்

தம்புரா நீளமாக ஒலிக்கும்போது சுருதி என்ன என்று காது சொல்லிவிடும். கையைத் தட்டினால் வரும் ஒலிக்கு என்ன சுருதி? சொல்ல முடியாது. அதில் எல்லாச் சுருதியும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கிறது. ஒரு ஒலி எவ்வளவு குறைந்த நேரம் நீடிக்கிறதோ, அவ்வளவு அகலமான சுருதிக் கூட்டம் அதில் அடங்கியிருக்கும். கருவியை மாற்றினாலும் இது மாறாது, எல்லா அலைக்கும் பொதுவான கணக்கு.

10 ஃபெம்டோ விநாடி நீடிக்கும் ஒரு லேசர் துடிப்பை எடுத்துக்கொள்வோம். அதன் அதிர்வெண் பரவல் ஏறத்தாழ 44 லட்சம் கோடி ஹெர்ட்ஸ். 800 நானோமீட்டர் லேசர் என்றால் அதன் அதிர்வெண்ணே 375 லட்சம் கோடி ஹெர்ட்ஸ்தான். பத்தில் ஒரு பங்குக்கு மேல் கலங்கல். முழக்கயிற்றை அளக்கும்போது மூன்று விரற்கடை முன்னே பின்னே இருக்கலாம் என்று சொல்வது போன்ற நிலைமை. இப்படிப்பட்ட ஒரே ஒரு துடிப்பை வைத்து அணுவின் படியை நுட்பமாக அளப்பது நடக்காத காரியம். வகுப்பில் வரும் கேள்விக்கு இதுதான் நேரடிப் பதில்.

## இருபது அலைவு எதற்கு எண்ணுகிறோம்?

இனி ஆய்வகத்துக்குப் போவோம். தனி ஊசல் சோதனையைச் செய்யாத அறிவியல் மாணவர் நம் ஊரில் இருக்க மாட்டார். நூலில் குண்டைக் கட்டித் தொங்கவிட்டு, ஒரு அலைவுக்கு எவ்வளவு நேரம் என்று கண்டுபிடிக்க வேண்டும். ஏன் ஒரே அலைவை அளக்காமல் இருபது அலைவை எண்ணி, வரும் நேரத்தை இருபதால் வகுக்கிறோம்? ஸ்டாப்வாட்ச்சை அழுத்தும் விரல் ஐந்தில் ஒரு விநாடி பிசகும். ஒரு அலைவை மட்டும் அளந்தால் அந்தப் பிசகு முழுதும் அதன் தலையில் விழும். இருபது அலைவுக்குப் பிறகு அளந்தால் அதே பிசகு இருபதாகப் பங்கு பிரிந்துவிடும்.

கவனித்தீர்களா, விரல் வேகமானதால் துல்லியம் கூடவில்லை. முதல் அழுத்தத்துக்கும் இரண்டாவது அழுத்தத்துக்கும் நடுவே நீண்ட இடைவெளி விட்டதால் கூடியது.

அணுவிலும் இதையேதான் செய்கிறார்கள். ஒரு துடிப்பு போதாது என்றால் இரண்டு துடிப்புகளை அனுப்பு, நடுவே இடைவெளி விடு. முதல் துடிப்பு அணுவைத் தொட்டதும், எலக்ட்ரான் கீழ்ப்படி, மேல்படி இரண்டிலும் ஒரே சமயத்தில் கால் வைத்த நிலைக்கு வருகிறது. அப்புறம் துடிப்பு போய்விடுகிறது, அணு இருட்டில் தன் போக்கில் ஊசல் போல ஆடிக்கொண்டிருக்கிறது. அந்த ஆட்டத்தின் வேகம் இரண்டு படிகளின் உயர வித்தியாசத்தால் மட்டுமே தீர்மானமாவது, லேசரின் கலங்கிய நிறத்துக்கு அதில் பங்கில்லை. பிறகு இரண்டாவது துடிப்பு வருகிறது. ஆட்டத்தோடு இசைந்து வந்தால் எலக்ட்ரான் மேல்படிக்குப் போகும். எதிர்த்து வந்தால் கீழ்ப்படிக்கே திரும்பும். ஊஞ்சலில் குழந்தையை ஒரு தள்ளு தள்ளிவிட்டு, கொஞ்சம் பொறுத்து மறுபடி தள்ளுவதை நினைத்துக்கொள்ளுங்கள். சரியான நேரத்தில் தள்ளினால் ஊஞ்சல் எழும்பும், தவறினால் கை ஊஞ்சலை நிறுத்திவிடும்.

இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொண்டே மேல்படிக்குப் போன அணுக்களை எண்ணினால், எண்ணிக்கை அலை போல ஏறி இறங்கும். அந்த அலையிலிருந்து அணுவின் அதிர்வெண் கிடைக்கும். இரட்டைத் தட்டு முறையை 1949இல் வகுத்தவர் நார்மன் ராம்சே, 1989இல் நோபல் பரிசு பெற்றவர். ஹீலியத்தைக் கண்டுபிடித்த ராம்சே வேறு, இவர் வேறு. பெயர் ஒன்றாக ஒலிப்பதால் தேர்வுத் தாளில் இருவரும் கலந்துவிடுகிறார்கள்.

## ஒன்று என்று தொடங்கும் பிழை

ஊசல் சோதனையில் ஆண்டுதோறும் பார்க்கும் பிழை ஒன்று உண்டு. போன ஆண்டு ஒரு மாணவி குண்டை விட்ட கணத்திலேயே "ஒண்ணு" என்று எண்ணத் தொடங்கினாள். இருபது என்று அவள் சொன்னபோது பத்தொன்பது அலைவுதான் முடிந்திருந்தது. நூல், குண்டு, கடிகாரம் எல்லாம் சரி. விடை மட்டும் தப்பு. இடைவெளி நீளமாகும்போது எத்தனை அலைவு போனது என்ற எண்ணிக்கையில் ஒன்று பிசகினால் எல்லாம் வீண்.

அணுவில் இந்த ஆபத்து பயங்கரமானது. 51.5 நானோமீட்டர் ஒளியில் ஒரு அலைக்கு 0.17 ஃபெம்டோ விநாடிதான், அதாவது 170 அட்டோ விநாடி. அட்டோ விநாடி ஃபெம்டோ விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இரண்டு துடிப்புகளுக்கு நடுவே 10 நானோ விநாடி விட்டால் அதற்குள் 5.8 கோடி அலைவுகள் போய்விடும். இதை யார் எண்ணுவது? ஆய்வகத்தில் நாம் செய்வதையே செய்ய வேண்டும். முதலில் சின்ன இடைவெளியில் அளந்து தோராய விடை வாங்கு, அதை வைத்து அடுத்த நீண்ட இடைவெளியில் எத்தனை அலைவு போயிருக்கும் என்று கணி, இப்படியே நீட்டிக்கொண்டு போ.

நோபல் செய்தியில் கேட்ட அட்டோ விநாடி இந்த இடத்தில்தான் வருகிறது. துடிப்பு அவ்வளவு சின்னதாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் இடைவெளியை அட்டோ விநாடிக் கணக்கில் பிசகாமல் பிடித்து வைத்திருக்க வேண்டும்.

இதுவரை: ஒரு துடிப்பு கலங்கியது, இரண்டு துடிப்பும் நடுவே இருக்கும் நீண்ட இருட்டும் சேர்ந்தால் கூர்மை. இடைவெளி நம்பகமாக இருக்க வேண்டும்.

## அதிர்வெண் சீப்பு

அந்த நம்பிக்கையைக் கொடுப்பது அதிர்வெண் சீப்பு என்ற லேசர். இதை உருவாக்கியதற்காகத் தியோடர் ஹென்ஷ், ஜான் ஹால் இருவரும் 2005இல் நோபல் பரிசில் பங்கு பெற்றனர். மத்தளத்தில் காலப்பிரமாணம் தவறாமல் தட்டுவது போல, இந்த லேசர் சம இடைவெளியில் துடிப்புகளை அனுப்பிக்கொண்டே இருக்கும், அந்த இடைவெளி அணுக் கடிகாரத்தோடு பிணைக்கப்பட்டிருக்கும். நேரத்தில் பார்த்தால் சீரான தட்டுகள். நிறத்தில் பார்த்தால், சீப்பின் பற்கள் போலச் சம தூரத்தில் நிற்கும் மிக மெல்லிய கோடுகள். 10 நானோ விநாடிக்கு ஒரு தட்டு என்றால் பற்களுக்கு நடுவே 10 கோடி ஹெர்ட்ஸ்.

இந்தத் துடிப்பு வரிசையை அப்படியே சீரிசையாக்கிப் பயன்படுத்தலாம். அமெரிக்காவின் ஜிலா ஆய்வகத்தில் 2012இல் ஆர்கானை 82, நியானை 63 நானோமீட்டரில் இப்படி அளந்தார்கள். இன்னொரு வழி, வரிசையிலிருந்து இரண்டே இரண்டு துடிப்புகளைப் பொறுக்கி, அவற்றை மட்டும் பலமாகப் பெருக்கி, சீரிசையாக்கி அணுவுக்கு அனுப்புவது. ஆம்ஸ்டர்டாமில் கெல்ட் ஐக்கெமாவின் குழு 2010இல் ஹீலியத்தை 51.5 நானோமீட்டரில் இப்படித்தான் அளந்தது. பிசகு 60 லட்சம் ஹெர்ட்ஸ். பெரிய எண்ணாகத் தோன்றலாம், ஆனால் அளக்கப்பட்ட அதிர்வெண்ணில் அது நூறு கோடியில் ஒரு பங்கு.

அதன் பிறகு அவர்கள் செய்த மேம்பாடு எனக்கு மிகவும் பிடித்தது, ஊசல் பாடத்தில் அப்படியே சொல்லிக் கொடுக்கக்கூடியது. ஸ்டாப்வாட்ச் அழுத்தும் விரலுக்கு வழக்கமான ஒரு தாமதம் உண்டு என்று வைத்துக்கொள்வோம். 10 அலைவுக்கு நேரம் எடு. 30 அலைவுக்கு நேரம் எடு. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழி. மிஞ்சுவது 20 அலைவின் நேரம், விரலின் தாமதம் இரண்டிலும் ஒரே அளவில் இருந்ததால் கழித்தலில் காணாமல் போய்விட்டது. துடிப்புகளிலும் இதே மாதிரித் தொல்லைகள் உண்டு. பலமான ஒளி படும் கணத்தில் அணுவின் படிகளே சற்று நகரும், ஒளியின் அலைக்கட்டம், அதாவது அலை தன் ஏற்ற இறக்கத்தில் நிற்கும் இடம், சிறிது தள்ளிப்போகும். துடிப்புகளின் பலத்தை மாற்றாமல் இடைவெளியை மட்டும் மாற்றிப் பல முறை அளந்து, அளவுகளை ஒப்பிட்டால் இந்தப் பொதுப் பிசகுகள் கழிந்துவிடுகின்றன. 2014இல் அந்தக் குழு இதை ராம்சே சீப்பு முறை என்ற பெயரில் வெளியிட்டது. 2019இல் சீரிசை ஒளியோடு சேர்த்துச் செனானை 110 நானோமீட்டரில் அளந்தபோது பிசகு நூறு கோடியில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது.

மற்ற சிக்கல்களில் ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். திருப்பாதிரிப்புலியூர் ரயில் நிலையத்தில் நிற்காமல் போகும் ரயிலின் ஹாரன், நம்மைக் கடந்ததும் சுருதி இறங்கும். ஓடும் அணுவுக்கும் லேசரின் நிறம் அப்படி மாறித் தெரியும். அதனால் அணுக்களை ஒரு மெல்லிய கற்றையாக ஓடவிட்டு, லேசரை அதன் குறுக்கே செங்குத்தாக அனுப்புகிறார்கள்.

## இவ்வளவு பாடு எதற்கு?

ஹைட்ரஜனின் ஒரு படி உயரம் 2011இல் ஜெர்மனியின் கார்ஷிங்கில் அளக்கப்பட்டது: 2,466,061,413,187,035 ஹெர்ட்ஸ், பிசகு 10 ஹெர்ட்ஸ். 16 இலக்க எண். இவ்வளவு நுட்பமான எண்ணை ஒளியும் எலக்ட்ரானும் உறவாடும் விதத்தைச் சொல்லும் கோட்பாட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். கோட்பாட்டில் எங்கேனும் விரிசல் இருந்தால் கடைசி இலக்கங்களில்தான் தெரியும். தடங்கல் என்னவென்றால், அணுக்கருவின் பருமனும் அந்த இலக்கங்களை அசைக்கிறது. 2010இல் எலக்ட்ரானுக்குப் பதில் மியூவான் என்ற கனத்த துகளைப் புரோட்டானைச் சுற்ற வைத்து அளந்தபோது, புரோட்டானின் ஆரம் முன்பு நம்பியதைவிட ஏறத்தாழ 4 சதவீதம் குறைவாக வந்தது. உலகமே அந்த எண்ணைத் திரும்பத் திரும்ப அளக்கத் தொடங்கியது.

அதனால் ஹைட்ரஜனைப் போலவே ஒற்றை எலக்ட்ரான் கொண்ட இன்னொன்றை அளந்து ஒப்பிட வேண்டும். ஓர் எலக்ட்ரானை இழந்த ஹீலியம் அயனி அதற்குப் பொருத்தமானது. கருவின் மின்சுமை இரண்டு மடங்கு என்பதால், கோட்பாட்டின் நுண்ணிய விளைவுகள் அதில் 16 மடங்கும் அதற்கு மேலும் பெரிதாகத் தெரியும். படி உயரமோ ஹைட்ரஜனைப் போல நான்கு மடங்கு, எனவே அதிப் புறஊதா இல்லாமல் தொட முடியாது. ஆம்ஸ்டர்டாமிலும் கார்ஷிங்கிலும் இதற்கான முயற்சிகள் நடக்கின்றன. அயனிக்கு மின்சுமை இருப்பதால் மின்புலத்தில் பிடித்து ஒரே இடத்தில் நிறுத்தலாம், பக்கத்தில் குளிர்ந்த பெரிலியம் அயனிகளை வைத்துக் குளிர்விக்கலாம்.

இன்னொரு வசதியும் உண்டு. ஊசலின் ஆட்டம் அடங்குவது போல, மேல்படிக்குப் போன அணுவும் கொஞ்ச நேரத்தில் கீழே விழுந்துவிடும், அதற்குமேல் இடைவெளியை நீட்ட முடியாது. ஹீலியம் அயனியின் அந்த மேல்படி ஏறத்தாழ 2 மில்லி விநாடி தாங்குகிறது. நமக்கு அது ஒன்றுமே இல்லாத நேரம். அந்த அயனிக்கோ அதற்குள் 18 லட்சம் கோடிக்கும் மேற்பட்ட அலைவுகள். எங்கள் ஆய்வக ஊசல் ஐம்பதாவது அலைவிலேயே தளர்ந்துவிடுகிறது, அதை வைத்தே என் மாணவர்கள் புவியீர்ப்பு முடுக்கத்தை இரண்டு தசம இடம் வரை கண்டுபிடித்துவிடுகிறார்கள்.